சிதம்பரத்தில் வாங்கிய காற்று மெஷின்

கடலூர்த் துறைமுகத்தில் தண்ணீருக்கு அடியில் செய்கிற வேலைகளைச் செய்துதான் இருபது வருடமாகச் சாப்பிடுகிறேன். விசைப்படகின் புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டால் இறங்கி அறுப்பேன். முகத்துவாரத்தில் விழுந்த இன்ஜினைத் தேடிப்பிடித்துக் கயிறு கட்டிக் கொடுப்பேன். சில நாட்களில் மனிதர்களையும் தேடச் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்களுடையது மீனவக் குடும்பம் இல்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு. வாலிபத்தில், கடலில் குழாய் பதிக்கிற ஒரு காண்ட்ராக்டரிடம் கூலியாகப் போய், அங்கே சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கக் கற்றுக்கொண்டு, அப்படியே இதில் ஒட்டிக்கொண்டேன். இப்போது வயது நாற்பத்தொன்பது. காலையில் எழுந்ததும் முட்டி இரண்டும் மடங்குவதற்கு ஐந்து நிமிடம் ஆகிறது.

இந்த வேலையில் என்னை அதிகம் களைக்க வைத்தது கடல் இல்லை, பாண்டிச்சேரி ரோடுதான். சிலிண்டரில் காற்று நிரப்ப இங்கே இடம் கிடையாது. சைக்கிள் கடைக் கம்ப்ரஸர் இதற்கு உதவாது; மூச்சு விடுகிற காற்றுக்குத் தனி மெஷின். அது பாண்டிச்சேரியில் ஒருவரிடம்தான் இருந்தது. மூன்று சிலிண்டர்களை மச்சானுடைய மினி லாரியில் போட்டுக்கொண்டு போவேன். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. நான் அடியில் இருக்கும்போது மேலே கயிறு பிடிப்பதும் அவன்தான். முக்கால் மணி நேர வேலைக்குப் பாதி நாள் அந்த ரோட்டில் போகும்.

போன வருடம் ஒரு அமாவாசையன்று தேவனாம்பட்டினத்தில் குளிக்க வந்த ஒரு கொத்தனாரை அலை இழுத்துவிட்டது. கூப்பிட்டார்கள். மூன்று சிலிண்டர்களில் இரண்டு காலி, மூன்றாவதில் கால் பங்குகூடக் காற்றில்லை. அதை வைத்துப் பத்து நிமிடம் தேடிவிட்டு ஏறினேன். பாண்டிச்சேரிக்குப் போனால், மெஷின்காரர் யாரையோ கடலுக்கு அழைத்துப் போயிருந்தார். காத்திருந்து நிரப்பிக்கொண்டு திரும்புவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது, நீரோட்டமும் மாறிவிட்டது. இரண்டு நாள் கழித்து உடல் தானாகவே வேறு இடத்தில் கரை ஒதுங்கியது.

அன்று அந்த மனிதரின் மனைவி ஈரச் சேலையோடு மணலில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனதும் நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார்.

“காத்து இல்லன்னு போயிட்டீங்கன்னு சொன்னாங்க. காத்து எப்படிங்க இல்லாம போவும்?”

வீட்டுக்கு வந்து மனைவியிடம், எப்பாடு பட்டாவது ஒரு மெஷின் வாங்கிவிட வேண்டும் என்றேன். “இந்த வேலைய விட்டுட்டா ஆவாதா?” என்றாள்.

புதியது வாங்குகிற யோசனையே எனக்குக் கிடையாது. பழையது ஒன்று சிதம்பரத்தில் இருப்பதாக ஒரு படகு மெக்கானிக் சொன்னார். நானும் மச்சானும் போனோம். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு சந்து. வீட்டுக்காரர் ஒரு பாய். அறுபது வயது இருக்கும். வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளுக்கு அடியில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். வரும்போது இந்த மெஷினையும் கப்பலில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், இங்கே நாலு பேருக்கு நீரடி வேலை கற்றுக்கொடுக்கலாம் என்று. அனுமதி வாங்க அலைந்தே வருடங்கள் போய்விட்டன. அதற்குள் இடுப்பு எலும்பு கெட்டுவிட்டது. வெகுகாலம் ஆழத்தில் வேலை செய்தவர்களுக்கு அப்படி வருமாம். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார்.

மெஷினின் மேல் பழைய போர்வை ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார். பெட்ரோல் இன்ஜின், பக்கத்தில் காற்றை அழுத்துகிற பம்ப், காற்றை இழுக்க நீளமான ஹோஸ், உள்ளே வரும் காற்றைச் சுத்தம் செய்ய ஃபில்டர். திருகாணிகள்கூடத் துருப்பிடிக்கவில்லை. வாசலில் வைத்து ஓட்டிக் காட்டினார். இருபத்தைந்து நிமிடத்தில் நான் கொண்டுபோன சிலிண்டர் நிறைந்தது. மூச்சுக் குழாயை மாட்டி வாயில் வைத்து இழுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

அவர் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைத்திருந்தார். மெஷினுக்குள் சேருகிற தண்ணீரைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வடித்துவிட வேண்டும், ஹோஸின் வாய் இன்ஜினை விட்டுக் காற்று வருகிற திசையில் தள்ளி இருக்க வேண்டும், இப்படி. ஒவ்வொன்றாக வாசித்தார். மச்சான் கொட்டாவி விட்டான். எனக்கும் பசி. “எல்லாம் தெரியும் பாய்” என்று சொல்லி நோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். பணத்தைக் கொடுத்துவிட்டு மெஷினை லாரியில் ஏற்றும்போது அவர் பக்கத்தில் வரவில்லை. உள்ளே போய்விட்டார்.

முதல் மாதம் வீட்டு முற்றத்தில் வைத்து ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. பிறகு பக்கத்து வீட்டில் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தார்கள். குழந்தை பிறந்ததும், சத்தத்தில் அது தூங்க முடியவில்லை என்று கும்பிட்டுக் கேட்டார்கள். சத்தம் வெளியே போகாமல் இருக்க மெஷினைப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு மாற்றினேன்.

அப்படி நிரப்பிய முதல் சிலிண்டரோடு ஒரு விசைப்படகுக்கு அடியில் இறங்கினேன். நைலான் வலை புரொப்பல்லரில் கட்டை போல் இறுகியிருந்தது. கால் மணி நேரம் அறுத்திருப்பேன். நெற்றிப் பொட்டு இரண்டும் தெறித்தன. கத்தி கையை விட்டுப் போனது தெரிந்தும் அதைப் பிடிக்கத் தோன்றவில்லை. அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கயிற்றை இழுத்தேனா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. மச்சான்தான், ரொம்ப நேரமாகக் கயிறு அசையவில்லை என்று இழுத்திருக்கிறான். படகின் மேல்தளத்தில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தேன். “மாமா, மாமா” என்று அவன் கன்னத்தில் தட்டியது எங்கேயோ தூரத்தில் கேட்டது. ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி ஆக்சிஜன் கொடுத்தார்கள். உள்ளே போனது புகை கலந்த காற்று என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் சிதம்பரத்துக்குப் போன் போட்டேன். “பாய், விஷத்தையா என் தலையில கட்டுனீங்க? செத்திருப்பேன் தெரியுமா?” என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். முடித்ததும், “ஒங்க வீட்டுக்கு எந்த ஸ்டாப்புல எறங்கணும்?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் காலையில் ஒரு துணிப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். தெருமுனையிலிருந்து வீடுவரை நடக்க இரண்டு இடத்தில் நின்றார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “மொதல்ல அத காட்டுங்க.”

கொட்டகைக்குள் நின்று சுற்றிலும் பார்த்தார். இன்ஜினின் புகைக்குழாய் ஜன்னலைப் பார்த்து இருந்தது. காற்று இழுக்கிற ஹோஸை அதே ஜன்னலுக்கு வெளியேதான் தொங்கவிட்டிருந்தேன். அவர் என் மனைவியிடம், “ஒரு ஊதுபத்தி இருந்தா குடும்மா” என்றார். அதைப் பற்றவைத்துப் புகைக்குழாயின் வாயருகே பிடித்தார். புகை நேராக ஜன்னல் வழியாக வெளியேறி, எதிரே இருந்த மதில் சுவரில் மோதித் திரும்பி, ஹோஸின் வாய்க்குப் பக்கத்திலேயே சுழன்றது. நானும் மனைவியும் மச்சானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“நோட்டு எங்க தம்பி?”

நோட்டை நான் பிரித்தே பார்த்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். “மன்னிச்சிருங்க பாய். போன்ல ரொம்ப ஜாஸ்தியா பேசிட்டேன்” என்றேன்.

“உசுரோட இருக்கறவன்தான தம்பி கத்துவான். கத்துங்க.”

மூன்று சிலிண்டர்களையும் திறந்து காற்றை வெளியே விடச் சொன்னார். அது முடிய வெகுநேரம் ஆயிற்று. அதுவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு இடுப்பைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கடல் பக்கமே போகாத இரண்டு கிழவர்கள் போல இருந்தோம் என்று மனைவி பிறகு சொன்னாள். துணிப்பையில் ஒரு புது ஃபில்டர் கொண்டுவந்திருந்தார். அதை மாட்டினார். மச்சான் ஹோஸுக்கு நீளம் கூட்டி, முன்வாசல் மாடியின் கைப்பிடிச் சுவரில் கட்டிவிட்டு வந்தான். மறுபடி ஓட்டி ஒரு சிலிண்டரை நிரப்பினோம். பாய் வால்வைத் திறந்து, உள்ளங்கையில் காற்றை வாங்கி முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார்.

“என்னா வாசன வருது?”

“ஒண்ணும் வரல.”

“அது போதும்.”

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மனைவி பிடித்து வைத்தாள். சோறும் வஞ்சிரக் குழம்பும். சாப்பிடும்போதுதான் அடுத்த மாதம் இடுப்பில் ஆபரேஷன் என்றார். லாரியில் கொண்டுவந்து விடுகிறோம் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்து, உடுப்பைக்கூட மாற்றாமல் படுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் போய் அந்த வலையை அறுத்து முடித்தேன். படகுக்காரர் அதுவரை காத்திருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து பாய் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். மாதம் ஒரு தடவை அவரே போன் செய்வார். சுகம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. “ஆயில் மாத்தியாச்சா?” என்பார். மாற்றிவிட்டேன் என்பேன். சில மாதம் உண்மையாகவே மாற்றியிருப்பேன். சில மாதம், போனை வைத்ததும் எழுந்து போய் மாற்றுவேன்.