மாட்டைப் பார்த்துச் சொன்னது

சான் ஹோசேயில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தேன். போய் மூன்று வாரமாகியும் மாப்பிள்ளையும் நானும் ஒரு வார்த்தை நேராகப் பேசிக்கொள்ளவில்லை. சண்டையெல்லாம் இல்லை. எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கமில்லை, அவ்வளவுதான். "சாப்பிட வரச் சொல்லு அம்மணி" என்பேன் மகளிடம். "அப்பறம் சாப்பிடறேன்னு சொல்லு" என்பார் அவர், ஓரடி தள்ளி நின்றுகொண்டு.

"ஏம்மா, வலி வந்து நான் ஆஸ்பத்திரில படுத்துட்டா, நீங்க ரெண்டு பேரும் யார வெச்சுப் பேசிக்குவீங்க?" என்றாள் மகள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரலில் பயம் இருந்தது. எனக்கும் அதே பயம்தான். ஆனால் வாய் வர வேண்டுமே.

அவர்கள் கார் சின்னது. அதனால் ஒரு சனிக்கிழமை பெரிய வாடகைக் கார் எடுத்து, வடக்கே கடலோரத்தில் ஒரு கலங்கரை விளக்கம் பார்க்கக் கிளம்பினோம். சீட்டில் உட்கார்ந்தால் பஞ்சு மூட்டை. புளிச்சோறு, தயிர்ச்சோறு, வறுத்த வடகம் எல்லாம் கட்டியிருந்தேன். வடகம் அங்கேயே வெயிலில் போட்டது, அது தனிக் கதை. பெரிய பாலத்தைத் தாண்டியதும் மகளுக்குக் கால் மரத்துப் போனது. என்னை முன்னால் உட்கார வைத்து, மேப்பை என் மடியில் போட்டுவிட்டு, பின்சீட்டில் நீட்டிப் படுத்தவள் தூங்கிப்போனாள். பாவம், நாலு நாளாகத் தூக்கமில்லை. எனக்கோ எழுத்துத் தெரியாது. மேப்பைக் கசங்காமல் மட்டும் பிடித்துக்கொண்டேன்.

மரமே இல்லாத மேடுகள் வந்தன. காற்று காரை இடித்து இடித்துத் தள்ளியது. மேகம் தரைக்கே இறங்கியிருந்தது. பச்சைப் புல்லில் மாடுகள், பாதி உடம்பு மேகத்துக்குள். காலில்லாத மாடுகள் மிதக்கிற மாதிரி இருந்தது. விழித்திருக்கிறேனா என்று கையைக் கிள்ளிப் பார்த்தேன்.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் மாப்பிள்ளை காரை நிறுத்தினார். மேகத்தில் பலகை தெரியவில்லை; எந்த இடமென்று தெரியாமல் மேப்பும் உதவவில்லை.

"லெஃப்டா ரைட்டான்னு தெரியலையே" என்றார், ஸ்டியரிங்கிடம். மகளைத் திரும்பிப் பார்த்தார். எழுப்ப மனசு வரவில்லை.

நான் மாடுகளைப் பார்த்தேன். அத்தனையும் ஒரே பக்கமாகப் பின்புறத்தைக் காட்டி நின்றன. அடிக்கிற காற்றுக்கு மாடு முகத்தைக் காட்டாது. இவ்வளவு காற்று கடலிலிருந்துதானே வரும். பக்கத்தில் நின்ற மாட்டிடம் சொன்னேன்:

"நீங்கெல்லாம் எடது பக்கம் வாலக் காட்டிட்டு நிக்கறீங்க. அப்ப கடலு அந்தப் பக்கந்தான் இருக்கோணும்."

மாப்பிள்ளை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். இடது பக்கமே ஒடித்தார்.

கடல் வந்தது. நுரையும் மேகமும் ஒன்றாகக் கிடக்க, நடுவில் வெள்ளையாகக் கலங்கரை விளக்கம்.

"அத்தை" என்றார். தூக்கிவாரிப் போட்டது எனக்கு. "எறங்கறதுன்னா கதவ ரெண்டு கையிலயும் புடிச்சுத் தொறங்க. காத்து பிச்சுட்டுப் போயிரும். வாடகை வண்டி."

"வேண்டாங்க மாப்ள" என்றேன், அவர் முகத்தைப் பார்த்தே. "கதவத் தொறந்தா அம்மணி முழிச்சுக்குவா."

காருக்குள்ளேயே புளிச்சோறு சாப்பிட்டோம். காற்று வண்டியைத் தூளி மாதிரி ஆட்டியது. "மாடு எப்படிங்க திசை சொல்லுது?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். மாட்டிலிருந்து மழைக்குப் போனேன், மழையிலிருந்து என் கல்யாணத்துக்குப் போனேன்.

"மூணு தடவ சொல்லிட்டேங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, முழிச்சுக்குவா."