பாதி வழிக்கு அனுப்புகிறவள்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் போன் எடுப்பவளை மெக்கானிக்குகள் மூவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களில் மூத்தவர் அவளைவிட ஆறு வயது பெரியவர், அவருக்கும் அக்காதான். பத்தொன்பது வருடமாக அதே மேஜை, சுவரில் அதே பலகை. பலகையில் சாலையைக் காட்ட நீளமாக ஒரு கோடு. ஊர் என்பதே அந்த ஒன்பது கிலோமீட்டர் சாலைதான். அதன் ஓரம் அறுபத்து சொச்சம் லிஃப்ட்கள், மூன்று பைக்குகள். எந்த லிஃப்ட் எப்போது மக்கர் பண்ணும் என்று யாருக்கும் தெரியாது. போன் வந்த நிமிடமே ஆளைக் கிளப்பியாக வேண்டும். அடுத்தது எங்கே என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க வழியில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், மூவரில் ஒருவனான நெட்டையனை அனுப்பியதை மறந்து அதே இடத்துக்கு மூத்தவரையும் கிளப்பிவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, "நின்ன இடத்துலயே நில்லுங்க" என்றாள். அடுத்த போன் அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தது. அது தற்செயல்தான், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு நாள் முழுவதும் பைக்குகளின் ஓட்டம் குறைவாக இருந்தது மனதில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவள் வழக்கம் இதுதான்: இரண்டு பேருக்கு நடுவில் போன் வந்தால் இருவரையும் கிளப்புவாள். ஒருவர் போய்ச் சேர்ந்ததும் மற்றவர் வந்த தூரத்தோடு நின்றுவிட வேண்டும். சாலையின் கோடியில் வந்தால் மட்டும் கோடியில் இருப்பவர் ஒருவரே போவார்.

"என்னையும் பாதி வழியிலதான் நிறுத்தி வச்சிருக்கா" என்று அவள் வீட்டுக்காரர் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

முதலாளியின் மருமகன் கணக்குப் படிப்பு படித்தவர். டீ கிளாஸ் கழுவுகிறவள்கூட அவரை மாப்பிள்ளை என்றே சொல்வாள். பலகையை ஒரு வாரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "பாதி வழிக்கு எதுக்கும்மா ஆள அனுப்பறீங்க? வேலை செய்யாம ரோட்ல நிக்கவா?"

"அப்படித்தான் சார் பழக்கம்."

"ஒரு வாரம் கிட்ட இருக்கறவர மட்டும் அனுப்பிப் பாருங்க. ஓட்டம் குறைஞ்சா அந்த வேலைய கம்ப்யூட்டரே பாத்துக்கும். நீங்க ஸ்பேர் பார்ட்ஸ் ரூமுக்குப் போயிடலாம்."

ஸ்பேர் பார்ட்ஸ் ரூமில் ஜன்னல் இல்லை. அன்று ராத்திரி அவள் பாத்திரம் துலக்கும்போது, "ஏதோ போட்டு உடைக்கற மாதிரி இருக்கே" என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஓட்டம் உண்மையாகவே குறைந்தது. மாப்பிள்ளை முகத்தில் வெற்றிக்களை.

புதன்கிழமை சாலையின் மேற்குக் கோடியில் மின்சாரம் கண்ணாமூச்சி ஆடியது. கோடியில் ஒரு அடுக்குமாடி; அங்கிருந்து ஒரு கிலோமீட்டரில் பல் ஆஸ்பத்திரி. நெட்டையன் அடுக்குமாடியில் இருந்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிட்டார்கள், கிட்ட இருப்பவன் அவன்தான், போனான். அடுக்குமாடி லிஃப்ட் மறுபடி நின்றது. இப்போதும் கிட்ட இருப்பவன் அவன்தான். திரும்பவும் ஆஸ்பத்திரி. திரும்பவும் அடுக்குமாடி. மூத்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, கடைத்தெருவில் பேப்பரை விளம்பரம் விடாமல் படித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எனக்கு ரெண்டு பக்கமும் கயிறு கட்டி மாத்தி மாத்தி இழுத்துடுங்களேன்" என்றான் நெட்டையன் எட்டாவது தடவை.

"சொன்னத செய்டா."

"வாட்ச்மேன் என்னைப் பாத்தாலே சிரிக்கறான்க்கா. வாடகை தரியான்னு கேக்கறான்."

பதினோராவது போனில், ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் ஒருவர் இருபது நிமிடமாகத் தாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகச் சொன்னார்கள். அவள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பலகையைக் காட்டினாள்.

"அந்தப் பெரியவர ஏன் அனுப்பல?"

"அவர் தூரம் சார்."

"காலைலேர்ந்து தூரமாவேவா இருக்கார்?"

"நகர்ந்தாதானே கிட்ட வருவார்?"

அவள் பழைய வழக்கத்தில் விட்டிருந்தால் ஒவ்வொரு ஆஸ்பத்திரி போனுக்கும் மூத்தவர் ஒரு கிலோமீட்டர் நெருங்கியிருப்பார். மூன்றாவது ஆஸ்பத்திரி போனிலேயே அங்கே வந்து நின்றிருப்பார். மாப்பிள்ளை விரலால் கோட்டை அளந்து அளந்து பார்த்தார். பிறகு தானே போனை எடுத்து மூத்தவரைக் கிளப்பினார்.

வெள்ளிக்கிழமை ஒரு கத்தைத் தாளோடு வந்தார். போன மாதத்துப் போன்களையெல்லாம் முன்கூட்டியே தெரிந்த ஒருவர் ஆள் அனுப்பியிருந்தால் எவ்வளவு ஓட்டம், அவள் அனுப்பியதில் எவ்வளவு என்று நாள் நாளாகப் போட்டிருந்தார்.

"உங்க ஓட்டம் ஒண்ணரை மடங்கு. ரொம்ப மோசமான நாள்ல ரெண்டேகால். மூணு ஆள் இருக்கற வரைக்கும், எப்படிப் போன் வந்தாலும், நாள்கணக்குல பாத்தா மூணு மடங்கைப் பெரிசா தாண்டாதும்மா. என் முறைக்கு அப்படி ஒரு எல்லையே கிடையாது. புதன்கிழமை மாதிரி ஒரு நாள் வந்தா போய்க்கிட்டே இருக்கும்."

"முன்னாடியே தெரிஞ்சவர் யாரு சார் அது?"

"அப்படி ஒருத்தர் கிடையாது. கணக்குக்காக."

"அப்ப இல்லாத ஆளுக்கு நான் ஒண்ணரை மடங்கா? பரவால்லயே!"

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க நாற்காலி உங்களுக்கே. ஆனா ஆளுங்க நிக்கற இடத்தையும் எழுதி வைங்க. நான் பாக்கணும்."

எழுத்துவேலை கூடியதில் அவளுக்கு எரிச்சல்தான். நோட்டில் கோடு போடத் தொடங்குவதற்குள் போன் அடித்தது. கடைத்தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு வங்கி. அதற்கு இருபுறமும் நின்ற இரண்டு பேரையும் கிளப்பினாள்.