மல்லிகாக்கா என்கிற ஏடிஎம்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆவடி பக்கத்துச் சேக்காட்டில் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் ஒரு பெண்மணிக்கு வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. அதற்கு முழுமுதற் காரணம் – இந்தப் பத்தியை எழுதும் மேதாவிதான்.

எங்கள் தெருமுனை மல்லிகாக்காவிடம், "உலகம் எங்கேயோ போயிடுச்சுக்கா... ஒரு கியூஆர் அட்டை வைங்க" என்று பாடம் நடத்தியவன் நான். போனில் எல்லாம் ஏற்றிக் கொடுத்து, அட்டையை வண்டியில் ஒட்டியவனும் நானே. கோணலாகத்தான் ஒட்டினேன்.

அதோடு விட்டேனா? எதிர்ச்சாரியில் ஒரு ஏடிஎம் உண்டு. அதில் ஏசி இருக்கும். படுத்துத் தூங்கும் நாய் இருக்கும். பணம் மட்டும் இருக்காது. ஒருநாள் அவசரத்துக்கு, "அக்கா, ஐந்நூறு அனுப்பறேன், கேஷா குடுங்க" என்றேன். கொடுத்தார். இந்தக் கண்டுபிடிப்பை என் வாக்கிங் கோஷ்டியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர்கள் பக்கத்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொன்னார்கள்.

அப்புறமென்ன... சாப்பிட்டது முப்பது ரூபாய், அனுப்பியது ஆயிரத்து முப்பது! கையில் காசு தீர்ந்தால் அக்கா ஆவடி பேங்க்குக்குப் போய், நாங்கள் அனுப்பிய பணத்தையே எடுத்து வந்து மறுபடி எங்களுக்கே கொடுப்பார். கமிஷன்? ஒரு பைசா கிடையாது. "நாலு பேர் காசுக்கு வந்தா ரெண்டு பேராச்சும் இட்லி துன்னுவாங்கல்ல சார்!"

இப்படி ஒரே ஆயிரம் ரூபாய் செக்குமாடு மாதிரி சுற்றியது. ஒவ்வொரு சுற்றையும் கம்ப்யூட்டர் புது விற்பனை என்று எழுதிக்கொண்டது. வருஷ விற்பனை வரம்பைத் தாண்டிவிட்டதாம். ஜிஎஸ்டியில் ஏன் பதிவு செய்யவில்லை, வரியும் அபராதமும் ஏன் போடக்கூடாது என்று நோட்டீஸ்.

"இன்னா சார் இது? இத்தினி இட்லி வித்திருந்தா நான் ஏன் சார் இன்னும் வண்டி தள்ளிகினு கீறேன்?"

நியாயமான கேள்வி. அதைக் கேட்க வரி அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். பதில் எழுத ஒரு படிவம் கொடுத்தார்கள். 'வரவு' என்று கட்டம் இருந்தது. வாங்கிய கையோடு திருப்பிக் கொடுத்த காசை எழுத? கட்டமே இல்லை!

"சிஸ்டத்துல சேல்ஸ்னுதானே சார் காட்டுது?" என்றார் அதிகாரி.

சிஸ்டம் என்றைக்காவது அந்த வண்டிப் பக்கம் வந்து இட்லி சாப்பிட்டிருக்கிறதா? பத்து ரூபாய் சில்லறைக்குக்கூட அட்டை வை, போனைக் காட்டு, டிஜிட்டலுக்கு மாறு என்று ஊரெல்லாம் போர்டு வைக்கிறீர்கள். நம்பி மாறியவள் கையைப் பிடித்து முறுக்குவீர்களா? – என்று சீறினேன். அலுவலகத்தில் அல்ல. வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன்னால்.

அதிகாரி ஒரு வழி சொன்னார். காசு வாங்கியவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் பரிசீலிக்கலாம். பதினைந்து நாள் அவகாசம். தவறினால் கட்ட வேண்டிய தொகைக்கு வண்டியை விற்றாலும் போதாது.

மறுநாள் காலை வாக்கிங்கில் கோஷ்டியிடம் பேப்பரை நீட்டினேன். எல்லாருக்கும் திடீரென்று நடை வேகமாகிவிட்டது.

"மச்சான், கையெழுத்துப் போட்டா நமக்கும் நோட்டீஸ் வருமே?" என்றார் ஒருவர்.

"நான் கேஷே வாங்கினதில்லப்பா. எனக்கு இட்லி மட்டும்தான்" என்றார் இன்னொருவர். மனிதர் சர்க்கரை நோயாளி. ஒரே காலையில் ஐயாயிரம் ரூபாய்க்கு இட்லி சாப்பிட்டதாகச் சாதிக்கிறார்!

கம்ப்யூட்டருக்காவது கண் கிடையாது. நமக்கு? தினமும் அக்கா கையிலிருந்து நோட்டை எண்ணி வாங்கியபோது கூசாத கை, ஒரு கையெழுத்துக்கு நடுங்குகிறதே!

கடைசியில் தேறியது ஒரே கையெழுத்து. என்னுடையது. பேங்க் ஸ்டேட்மெண்ட்டையும் இணைத்துக்கொண்டு, தியாகி போல வண்டிக்குப் போனேன். அக்கா கியூஆர் அட்டையைக் கிழித்துவிட்டிருந்தார். அந்த இடம் மட்டும் கோணலாக, வெள்ளையாக இருந்தது.

"ஒண்ணுதானா சார்?" என்று வாங்கி, இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.

"விடுங்கக்கா, மத்தவங்களையும் போட வைக்கிறேன். இப்பவே வீடு வீடாப் போறேன்" என்று வீரமாக ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன். பர்ஸைத் திறந்தால் காலி. பழக்க தோஷம்... வாய் தானாகக் கேட்டுவிட்டது:

"அக்கா, ஒரு இருநூறு அனுப்பட்டுமா? கேஷா..."

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏடிஎம் அந்தாண்ட கீது சார்."