மூலைக்கு மூலை பதினேழு அங்குலம்

குடும்பத்தில் எல்லோரும் அவரை அங்குலம் என்றே அழைத்தார்கள். பெற்றோர் வைத்த பெயர் அரசாங்கத் தாள்களில் மட்டும் இருந்தது. எதை அளந்தாலும் ஒரு தாளில் எழுதி, தலைப்பிட்டு, தேதியும் போட்டுவிடுவது அவர் வழக்கம். சன்னலுக்கு வாங்கிய கண்ணாடி, கால் முறிந்த மாமனாருக்குச் செய்த ஊன்றுகோல், தம்பி மகனின் முதல் செருப்பு என்று அவர் எழுதிவைத்த அளவுத் தாள்கள் நூற்றுக்கும் மேல் இன்றும் ஒரு தகரப் பெட்டியில் உள்ளன. அந்தப் பெட்டிக்கு வந்து சேராத தாள் ஒன்றே ஒன்று.

அவர் தொழில் மரக் கடைசல். இருபத்தொன்பது ஆண்டுகளாக மேசைக் கால், கட்டில் கால், மாடிப்படியின் கைப்பிடித் தூண் என்று நீளமானவற்றையே கடைந்தார். மரத்தின் இரு முனைகளையும் இயந்திரத்தின் இரண்டு கூர்களுக்கு நடுவே இறுக்கிச் சுழலவிட்டு உளியைக் காட்டினால் அது தானே உருண்டு வரும். தட்டையான பலகையோடு யாராவது வந்தால், "இது நம்ம வேலை இல்லைங்க, தச்சர்கிட்ட போங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். ஐம்பத்திரண்டாம் வயதில் அப்படியொரு பலகையை இயந்திரத்தில் ஏற்ற வேண்டி வந்தது, மனைவியின் இடுப்புவலியால்.

அந்த அம்மாள் பேருந்து நிலையத்தின் முன்பதிவுக் கூண்டில் பதினோரு ஆண்டுகளாகச் சீட்டுக் கொடுத்துவந்தார். வலி வந்து மூன்று வாரம் விடுப்பில் இருந்தார். நடுவில் குழிந்த, அசையாத மர ஆசனத்தில் உட்கார்ந்தால் வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். கூண்டுக்குள் இழுப்பறைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தில் பன்னிரண்டு அங்குலச் சதுர முக்காலிதான் நுழையும். திங்கட்கிழமையும் உட்கார முடியாவிட்டால் அடித்தளத்து ஆவண அறைக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் சொல்லியனுப்பியிருந்தார்.

"அங்க போனா மூணு மாசத்துல அலமாரிகூட பேச ஆரம்பிச்சிருவேங்க" என்றார் மனைவி. "ஒரு நாளைக்கு நானூறு பேர்கிட்ட பேசிப் பழகின வாய் இது."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முக்காலி தயாரா இருக்கும்" என்று வாக்குக் கொடுத்தார் அங்குலம்.

வியாழக்கிழமை ஒரு தட்டில் ஈர மணலைப் பரப்பி, கொல்லையில் வைத்து, மனைவியை அதன்மேல் உட்காரச் சொன்னார். பதிந்த குழியின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, வடிவத்தையும் வரைந்து, "வீட்டுக்காரி, பின்பக்கம், உட்கார்ந்த நிலை" என்று மேலே தலைப்பிட்டார். மதிலுக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, மணல்ல அடை காக்கறீங்களா?"

மனைவி மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இதோட சரி. இன்னொரு தடவை உக்காரச் சொன்னீங்கன்னா பாருங்க."

பழைய மேசை ஒன்றின் பலகையிலிருந்து பன்னிரண்டு அங்குலச் சதுரம் அறுத்தார். இரண்டு அங்குலத் தடிமனில் காய்ந்த மரம் வேறு இல்லை. மரக்கடையில் இருந்ததெல்லாம் ஈரம். எனவே அந்தப் பலகை கெட்டால் வேலையே கெட்டது. மூலைக்கு மூலை பதினேழு அங்குலம் இருந்தது. இயந்திரத்தில் சுழலும்போது மூலைகளுக்கும் கீழேயுள்ள இரும்புக்கும் நடுவே அரை அங்குலம்தான் மிச்சம்.

முதலில், சுழலும் தண்டில் மாட்டும் வட்டத் தகட்டோடு பலகையைத் திருகாணிகளால் முடுக்கினார். மேலிருந்து குழி இறங்கிவந்து திருகாணி முனையைத் தொட்டுவிடும் என்று பயந்து குட்டையான திருகாணிகளாகப் போட்டார். இயந்திரம் ஓடியதும் நான்கு மூலைகளும் கண்ணிலிருந்து மறைந்து, பலகையைச் சுற்றி மங்கலான ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது. அந்த மங்கலுக்குள் விரல் போனது அவருக்கு வலித்த பிறகே தெரிந்தது. விரல் முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் உளியை வைத்தார். பலகை திருகாணிகளைப் பிடுங்கிக்கொண்டு பறந்து, ஆணி டப்பாவைச் சிதறடித்துக் கதவில் மோதி விழுந்தது. ஒரு மூலை லேசாக நசுங்கியதோடு பிழைத்தது.

வெள்ளிக்கிழமை, பலகையின் அடியில் சிறு சதுரக் கட்டை ஒன்றை ஆணியால் பொருத்தி, அதை இயந்திரத்தின் தாடைப்பிடியில் கவ்வவைத்தார். எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரு பக்கம் தொங்கியது. அப்போதுதான் மனைவியின் தம்பி வந்தார். அவர் பெயர்ப்பலகை எழுதுபவர். அக்காளின் கணவரைக் கிண்டல் செய்வது அவருக்கு உபதொழில்.

"பிடியில எத்தனை தாடை மச்சான்?"

"மூணு."

"கட்டையில எத்தனை பக்கம்?"

அங்குலம் கட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"நாலு பக்கத்தை மூணு தாடையால பிடிக்கறதுக்கு ரெண்டு நாளா மல்லுக்கட்டறீங்களா?"

"வந்த வேலையைப் பாருடா."

"கோபப்படாதீங்க. எங்க கடையில அச்சுப் பலகையை ஒட்டற மாதிரி ஒட்டுங்க. தகட்டுல ஒரு துணைக்கட்டையை நல்லா முடுக்கிட்டு, அதுக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு காகிதத்தை வெச்சு ரெண்டு பக்கமும் பசை போடுங்க. சுத்தும்போது விடாது. வேலை முடிஞ்சதும் உளியை நுழைச்சா காகிதத்தோட பிரிஞ்சிரும்."

மைத்துனன் சொன்னது சரியாக இருந்தது என்பதே அங்குலத்துக்குப் பாதி எரிச்சல். சனிக்கிழமை மதியம் துணைக்கட்டையைத் தகட்டில் முடுக்கிப் பசை தடவினார். பசை காய்வதற்குள் காகிதம் வேண்டும். கைக்கு எட்டிய தடித்த தாளை எடுத்து வைத்து, பலகையை அழுத்தி, நான்கு பக்கமும் இறுக்கிவிட்டு, மூன்று நாளில் முதன்முறையாக நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஞாயிறு காலை பலகையை ஏற்றிச் சுழலவிட்டுப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை. எவ்வளவு குழிக்க வேண்டும் என்று பார்க்க அளவுத் தாளைத் தேடினார். மேசையில் இல்லை, சட்டைப் பையில் இல்லை. தகரப் பெட்டியைத் தரையில் கவிழ்த்துக் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தார். முக்கால் மணி நேரம் போயிற்று. சலித்துப்போய் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவரின் கண்ணில், பலகைக்கும் துணைக்கட்டைக்கும் நடுவே நூல்போல நீட்டிக்கொண்டிருந்த காகித விளிம்பு பட்டது. அதில் வியாழக்கிழமையின் தேதி, அவர் கையெழுத்தில்.

தேநீரோடு வந்த மனைவி, கவிழ்ந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். "என்னங்க தேடறீங்க?"

"அளவு உள்ள மாட்டிக்கிச்சு."

"எதுக்குள்ள?"

"பலகைக்கும் கட்டைக்கும் நடுவுல."

மனைவி டம்ளரை மெதுவாக வைத்தார். "நீங்கதானே எழுதினீங்க. ஞாபகத்துல இல்லையா?"

"எழுதிட்டா மறந்துருவேன். அதுக்குத்தானே எழுதறது."

பிரித்துப் பார்க்கலாம், ஆனால் மறுபடியும் ஒட்டிக் காயவைக்க ஒரு நாள் இல்லை. கொல்லையில் இருந்த மணல் தட்டை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். மனைவி அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டார்.

"அந்த நினைப்பே வேண்டாம்" என்றவர் இயந்திரத்தின் அருகில் வந்தார். "இதைத் தகட்டோட கழட்டிட்டு, திரும்ப அதே மாதிரி மாட்ட முடியுமா?"

"முடியும். மரையில திருகி எடுத்தா, திரும்ப அதே இடத்துல வந்து உக்காரும்."

"அப்ப கடைஞ்சு கடைஞ்சு குடுங்க. நான் உக்காந்து சொல்றேன்."

தகட்டின் கழுத்தை மைத்துனனின் காலி வண்ண டப்பாவுக்குள் இறக்கிப் பலகையை நிறுத்தினார்கள். அங்குலம் கொஞ்சம் கடைந்தார், கழற்றினார், மனைவி உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

"எவ்வளவு?"

"கொஞ்சங்க."

"கொஞ்சம்னா கால் அங்குலமா, அரைக்கால் அங்குலமா?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான். சீட்டுக் குடுக்கற இடத்துல நான் அங்குலத்தையா வெச்சிருக்கேன்?"

ஏழு முறை மாட்டி ஏழு முறை கழற்றினார். ஒவ்வொரு முறையும் அந்த அரை அங்குல இடைவெளியைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்த பிறகே விசையைத் தட்டினார். அளவில்லாமல் ஒரு பொருளைக் கடைவது, வாழ்நாளில் அதுவே முதல் தடவை. ஏழாம் முறை உட்கார்ந்த மனைவி, எழுந்திருக்க அவசரப்படாமல், குளிர்ந்துபோன தேநீரை எடுத்துக் குடித்தார். வேலை முடிந்தது என்று அங்குலத்துக்குப் புரிந்தது.

மாலையில் உளியை நுழைத்துத் தட்டினார். துணைக்கட்டை கழன்றது. ஆனால் தாள் நடுவில் கிழியவில்லை. முழுத்தாளும் ஆசனத்தின் அடியிலேயே தங்கிவிட்டது, எழுதிய பக்கம் வெளியே தெரிய. குழிவு முக்கால் அங்குலம் என்று அதில் இருந்தது. கடைந்திருந்ததை அளந்தார். அரை அங்குலத்துக்கு மேல் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம். மணலில் அளந்தது தப்பா, மனைவி சொன்னது தப்பா என்று வெகுநேரம் யோசித்தார். யோசித்ததில் பொழுது போய்விட்டது. இன்னும் கால்களைப் பொருத்தி மெருகெண்ணெய் தடவ வேண்டும். கல்லாக இறுகிய பசையைச் சுரண்ட நேரமில்லை. அடியில் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை முழுவதும் அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரு கட்டில் காலைக் கடைகிறேன் என்று துடைப்பக்குச்சியாக்கினார். மாலையில் மனைவி வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"முக்காலி எங்க? திருப்பி அனுப்பிட்டாங்களா?"

"கூண்டுலதான் இருக்கு. எட்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். இடுப்பு ஒண்ணும் சொல்லலை. மேலாளர் வந்து பாத்துட்டு, சரி, இங்கேயே இருங்கன்னுட்டாரு."

அங்குலம் பெருமூச்சு விட்டார். அதை முழுதாக விட முடியவில்லை.

"பேருந்துல முக்காலியை எப்படிங்க மடியில வெச்சுக்குவாங்க?" என்று கேட்டார் மனைவி.

"கவுத்து வெச்சுக்குவாங்க."

"கவுத்துத்தான் வெச்சிருந்தேன். இருபது நிறுத்தம். பக்கத்துல உக்காந்த பெரியவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டு, தலைப்புல இருந்து தேதி வரைக்கும் படிச்சாரு. படிச்சுட்டு, கையெழுத்து நல்லா இருக்கும்மான்னாரு. கூண்டுல மிச்சப் பேரும் படிச்சாச்சு. நாளைக்குக் காலையில உளியை எடுத்துக்கிட்டு என்கூட வர்றீங்க."

மறுநாள் எட்டு மணிக்கு, நீண்ட வரிசை பார்த்துக்கொண்டிருக்க, அங்குலம் கூண்டுக்குள் மண்டியிட்டு உட்கார்ந்தார். முக்காலியைக் கவிழ்த்து, ஈரத் துணியால் நனைத்து நனைத்துச் சுரண்டினார். பசை விரல்நகம் அளவுத் துணுக்குகளாகவே வந்தது. 'வீட்டுக்காரி' போயிற்று; 'பின்பக்கம்' போக மறுத்தது.

"உள்ள என்னங்க, பழுது பாக்கறாங்களா?" என்று வரிசையின் முதலில் நின்றவர் கேட்டார்.

"எழுத்துப் பிழை திருத்தறாங்க" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார் மனைவி. பிறகு ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தார். "சீக்கிரம் ஆகட்டுங்க. நான் நின்னுக்கிட்டே இருக்கேன்ல."