சாந்தம்மாளின் ஐந்தாவது உலோகம்

சாந்தம்மாளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரும் கேட்காத கேள்வியைத் தானே போய்க் கேட்டு, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வாள். ஒருமுறை பக்கத்து நிலத்துக்காரன் வரப்பைத் தள்ளிவிட்டான் என்று ஊர்க்கவுண்டரிடம் போனாள். கயிறு போட்டு அளந்தபோது தன் வரப்புதான் அவன் பக்கம் தள்ளியிருக்கிறது என்று அவள் கண்ணிலேதான் முதலில் பட்டது. அதையும் அவளேதான் உரக்கச் சொன்னாள். போனது அவளுடைய சாமை விளைகிற நல்ல நிலம். நான் கீதாஞ்சலி, மலைமேல் நெல்லிவாசல் நாட்டில் அங்கன்வாடி டீச்சர். அடிவாரத்து ஒடுகத்தூரிலிருந்து தினமும் ஜீப்பில் ஏறி இறங்குகிறேன். அவளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும். அந்த மலையில் அவளை விட்டால் எனக்கு வேறு சிநேகிதியும் கிடையாது.

அவள் வீட்டுக்கு ஓர் உரிமை உண்டு. ஆடித் திருவிழாவில் அம்மனுடைய பானையைத் தலையில் ஏற்றி ஊரைச் சுற்றி வருவது அந்த வீட்டுப் பெண்தான். மாமியாருக்குப் பிறகு சாந்தம்மாள்தான் தூக்கிவந்தாள். புருஷன் செத்துப்போனபோது, 'இனி இவள் எதற்கு' என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஊர்க்கவுண்டர் தாண்டவராயன், பானை புருஷனுடையது இல்லை என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தார். வருஷம் முழுக்கக் குனிந்து களை பறிக்கிற அவள் அந்த ஒரு நாள்தான் நிமிர்ந்து நடப்பாள். அதற்காகத்தான் உயிரோடு இருக்கிறாளோ என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது.

கோயில் என்றால் கோபுரம் எல்லாம் இல்லை. ஒரு புங்க மரம், அதைச் சுற்றி வட்டமாக நட்ட கற்கள், அவ்வளவுதான். கல்லுக்கு உள்ளே பொன், வெள்ளி, செம்பு, பித்தளை இந்த நான்கு உலோகங்கள் மட்டும் போகலாம். மற்றதெல்லாம் அவர்கள் கணக்கில் இரும்பு. அரிவாள், சாவிக்கொத்து, செல்போன் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். ஜாக்கெட்டில் குத்திய ஊக்கைக்கூடக் கழற்றிக் கல்மேல் வைத்துவிட்டுத்தான் பெண்கள் உள்ளே போவார்கள். திருவிழா முடிந்ததும் எந்த ஊக்கு யாருடையது என்று ஒரு சண்டை நடக்கும். அதைப் பார்க்கவே நான் போவேன்.

போன பங்குனியில் புளியம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த சாந்தம்மாள் அப்படியே சாய்ந்தாள். ஜீப் ஓட்டும் சின்னராசுவும் நானுமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒடுகத்தூருக்கும், அங்கிருந்து வேலூருக்கும் ஓடினோம். இதயம் நடுநடுவே துடிக்க மறந்துபோகிறது என்றார் டாக்டர். அப்படி மறக்கும்போது தட்டி எழுப்ப ஒரு சின்ன இயந்திரத்தை நெஞ்சில் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் வைத்தார்கள். கட்டுப் போட்டு வெளியே கொண்டுவந்ததும் பிழைப்பேனா என்று கேட்பாள், மகனைக் கேட்பாள் என்று பார்த்தேன்.

"உள்ள வெச்சது பித்தளையா டீச்சர்?" என்றாள்.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் டைட்டானியம் என்றார். வந்து சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊருக்கும் மகனுக்கும் ரத்தம் கம்மி என்று மட்டும் சொல்லச் சொன்னாள். எங்களை இறக்கிவிட்டு அன்றே திரும்பிவிட்ட சின்னராசுவுக்கும் அதையேதான் சொன்னேன். அங்கன்வாடி டீச்சர் ரத்தம் கம்மி என்றால் மலையில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. மகன் கோகுல்ராஜ் பெங்களூரில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்யும் கம்பெனியில் இருந்தான். தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான் என்று அவளுக்குப் பயம். அன்றிலிருந்து இடது தோளில் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்தாள்.

ஆடி நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது, பேசாமல் போய்ப் பானையைத் தூக்கு என்றேன்.

"எனக்குத் தெரியுமில்ல டீச்சர்."

அப்படியானால் கவுண்டரிடம் நேராகப் போய்க் கேள் என்றேன். அதற்கும் தலையாட்டவில்லை.

"கேட்டா என் மூஞ்சியப் பாத்து, பாவம்னு வளைஞ்சி குடுத்துடுவாரு. அது இன்னா தீர்ப்பு?"

இப்படிப்பட்டவளிடம் என்ன பேசுவது? எக்கேடும் கெட்டுப் போ என்று கோபித்துக்கொண்டு, மறுநாளே மாத்திரை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஆனி மாதக் கடைசியில் கோகுல்ராஜ் லீவில் வந்தான். அன்றைக்கு மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. பாதையில் சேறு, சின்னராசுவின் ஜீப் நகரவில்லை. கீழே போக வேண்டிய நானும் தாண்டவராயனும், கூடவே அவனும் சாந்தம்மாள் வீட்டில் மாட்டிக்கொண்டோம். கவுண்டர் ஒரு காலை நீட்டித்தான் உட்காருவார். வளைவில் சின்னராசு ஓட்டிய ஜீப் கவிழ்ந்து வேலூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்த நாளிலிருந்து அவருக்கு அந்தக் கால் மடங்காது. சும்மா எத்தனை நேரம் மழையைப் பார்ப்பது? கோகுல்ராஜ் தன் கம்பெனியில் புதிதாகச் செய்துகொண்டிருந்த விளையாட்டை எடுத்தான்.

கம்ப்யூட்டரில் ஏற்றுமுன் இப்படி ஆட்களை வைத்து ஆடிப் பார்ப்பார்களாம். வெற்றி தோல்வி கிடையாதாம். ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்த ஆளாகவே பேச வேண்டும். இருபது முகம் உள்ள பகடை ஒன்று வைத்திருந்தான். சந்தேகம் வந்தால் அதை உருட்டிப் பார்த்து அதன்படி கதை நகரும். கதையைச் சொல்லி நடத்துகிறவன் கோகுல்ராஜ். வேறு ஒரு கிரகத்திலிருந்து வருகிற கூட்டத்தை அவனே உருவாக்கியிருந்தான். அவர்களுக்கு இழையர் என்று பேர். மனிதர் மாதிரியே இரண்டு கை, இரண்டு கால். சாம்பல் தோலுக்குக் கீழே இலை நரம்பு மாதிரி கம்பி இழைகள் ஓடும். அவர்கள் ஊரில் காற்று கெட்டுப்போய்விட்டதால் உயிர் பிழைக்க உடம்புக்குள் ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்டார்களாம். அதை எடுத்தால் செத்துப்போவார்கள்.

பையனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அவன் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. லேப்டாப்பைத் திருப்பி அம்மாவிடம் படத்தைக் காட்டினான். வயிற்றின் நடுவில் அந்த இயந்திரத்தை வரைந்திருந்தான். சாந்தம்மாள் வெகுநேரம் பார்த்தாள்.

"அங்க வெச்சா குனிய முடியாதுடா. இங்க வை," என்று படத்தில் இடது காறை எலும்புக்குக் கீழே விரலை வைத்தாள்.

அவனும் நல்ல யோசனை என்று அங்கேயே மாற்றி வரைந்தான். நான் அவளை முறைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

ஆட்டம் தொடங்கியது. சின்னராசு விண்கலம் ஓட்டுகிறவன். அதற்கு கிளட்ச் எங்கே என்று கேட்டுச் சிரிக்க வைத்தான். நான் வைத்தியக்காரி. ஒரு மலையில் குடியேறிய மனிதர்களுக்குத் தலைவராக, வேறு யார், தாண்டவராயன். கலம் உடைந்து அந்த மலையில் தனியாக விழுந்த இழையர் வேஷத்தைத் தனக்குத் தரச் சொன்னாள் சாந்தம்மாள். மலைக்காரர்கள் அவளைச் சேர்த்துக்கொள்வார்களா, தங்கள் சாமி இருக்கும் இடத்துக்குள் விடுவார்களா என்று கதை ஓரிடத்தில் வந்து நின்றது. கோகுல்ராஜ் பகடையைத் தலைவரிடம் நீட்டினான்.

சாந்தம்மாள் அவன் கையை விலக்கினாள். மடியிலிருந்து வெற்றிலை இரண்டை எடுத்து, பாக்கு வைத்து, எழுந்து போய்த் தாண்டவராயன் கையில் கொடுத்தாள்.

எல்லாரும் சிரித்தார்கள். என்னமா நடிக்கிறாள் என்றான் சின்னராசு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த ஊரில் வழக்கு கேட்பவர் வெற்றிலையைக் கவுண்டர் கையில் கொடுத்துத்தான் கேட்பார். அதைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிற சொல்தான் தீர்ப்பு. அவர் வாயில் போட்டு மென்றுவிட்டால் பிறகு அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. கவுண்டருக்கும் இது தெரியாதா? வேஷத்தின் குஷியில் இருந்தார். வாங்கிக்கொண்டார்.

நிமிர்ந்து உட்கார்ந்து, நிஜ வழக்கு மாதிரியே விசாரித்தார். கழற்றி வெளியே வைத்துவிட்டு வர முடியுமா என்று கேட்டார். கழற்றினால் உயிர் நிற்காது என்றாள். ஆசைப்பட்டு வைத்துக்கொண்டதா என்று கேட்டார். பிழைப்பதற்காக வைத்தது என்றாள். அவர் வெற்றிலையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊருல இருக்கலாம். நம்மகூட ஒக்காந்து துன்னலாம். பொண்ணு குடுக்கலாம், எடுக்கலாம். கல்லத் தாண்டி மட்டும் உள்ள வரக்கூடாது. ஒருத்தருக்கு வளைச்சா அப்புறம் கல்லு எதுக்கு?"

சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டார். கோகுல்ராஜ் கைதட்டினான்.

"சரிங்க," என்றாள் சாந்தம்மாள். இடது தோளில் முந்தானையை விலக்கினாள். தீப்பெட்டி அளவுக்குத் தோல் மேடு தட்டியிருந்தது. "அது நான்தாங்க."

தாண்டவராயன் வாயில் இருந்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். பாவம், பெரிய மனுஷனின் முகம் அப்படிச் செத்துப்போய் நான் பார்த்ததில்லை.

"ஆட்டந்தானேம்மா இது," என்றார் கடைசியில்.

"ஆட்டந்தாங்க. வெத்தல ஊரு வெத்தலங்க."

கோகுல்ராஜ் அம்மாவைப் பார்த்தான், லேப்டாப்பில் தன் கையாலேயே மாற்றி வரைந்த படத்தைப் பார்த்தான், மறுபடி அம்மாவைப் பார்த்தான். எப்போது, யார் பார்த்துக்கொண்டார்கள், ஏன் சொல்லவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பிறகு கவுண்டர் பக்கம் திரும்பி, அது இரும்பே இல்லை, டைட்டானியம், உயர்ந்த உலோகம் என்று கத்த ஆரம்பித்தான்.

"நாலுல ஒண்ணாடா?" என்றாள் அவள்.

அவன் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி அழுதான். மழை விட்டு ஜீப் கிளம்பும்போது நான் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் திட்டியிருப்பேன்.

திருவிழா வந்தது. இந்த வருஷம் பானை அவளுடைய கொழுந்தனாரின் மருமகள் நதியாவுக்கு. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், உள்ளே பயந்துபோய் நின்றாள். சாந்தம்மாள் தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, கல்லுக்கு வெளியே ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட்டில் ஊக்கு குத்தியிருந்தது.

"இந்த வருசம் கழட்டற வேல இல்ல டீச்சர்," என்று சிரித்தாள்.

உள்ளே போய் முதல் தேங்காயை உடைக்க வேண்டியவர் ஊர்க்கவுண்டர். தாண்டவராயன் வந்தார். சாவியையும் செல்போனையும் எடுத்துக் கல்மேல் வைத்தார். நொண்டிக் காலைக் கையால் பிடித்துத் தூக்கிக் கல்லுக்கு மேலே கொண்டுபோனவர், அப்படியே நின்றுவிட்டார். தொடையை ஒருமுறை தடவிப் பார்த்தார். காலைப் பின்னால் எடுத்துக் கீழே வைத்தார். திரும்பி, இழுத்து இழுத்து நடந்து வந்து, சாந்தம்மாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து பூசாரி ராஜாக்கண்ணு கூப்பிட்டுப் பார்த்தார். கவுண்டர் எழுந்திருக்கவில்லை.

"எனக்கும் தொடையில கம்பி கெடக்குதுப்பா. நான் சொன்ன சொல்லு எனக்குந்தான்," என்றார்.

அந்தக் கம்பியைப் பற்றித் தெரியாதவர் யாரும் அங்கே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் கொண்டுவந்த எக்ஸ்ரே படத்தை எல்லாரும் வாங்கி வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தவர்கள்தான். நானும் பார்த்தேன். ஆணியோடு திருகாணியோடு அத்தனை பெரிய கம்பி. அதற்கப்புறம் எத்தனை ஆடி போயிற்று! ஒருவருக்காவது, அவருக்காவது, எனக்காவது தோன்றியதா? ஊக்குக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

"இத்தினி வருசமா உள்ள போயித் தேங்கா ஒடச்சீங்களே. அம்மன் ஒண்ணும் சொல்லலியே," என்றாள் சாந்தம்மாள் மெதுவாக.

"அதத்தான் நானும் யோசிக்கறேன்," என்றார் அவர்.

சின்னராசு தன் மணிக்கட்டைப் பார்த்தான். அதே விபத்தில் அவனுக்கும் அங்கே ஒரு தகடு. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான். பல்லுக்கு உறை போட்ட ஒரு கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். இடுப்பு எலும்பு மாற்றிய ஒருத்தி வந்தாள். கல்லுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துகொண்டே போயிற்று. உள்ளேயிருந்து கல்லோரம் வந்த இளம் பெண் ஒருத்தி என் காதில், டீச்சர், குழந்தை தள்ளிப்போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எனக்கு காப்பர்-டி வைக்கச் சொன்னீர்களே, நான் போகணுமா என்று கேட்டாள். அது செம்புதான், உள்ளேயே இரு என்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு தீர்ப்புச் சொல்வேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

நதியா பானையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கல்லோரம் வந்தாள். கவுண்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"இவங்கதான் உள்ள வரக்கூடாது. அம்மன் வெளிய வரலாமில்ல மாமா?"

"அதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே," என்றார் தாண்டவராயன்.

நதியா உள்ளே நின்றபடியே கையை நீட்டிப் பானையைச் சாந்தம்மாள் தலையில் வைத்தாள். வலது கையால் பானையைப் பிடித்துக்கொண்டு சாந்தம்மாள் எழுந்தாள். இடது கை முந்தானையை இழுக்கப் போய், பாதியிலேயே நின்று, கீழே தொங்கியது. கவுண்டர் முன்னால் நொண்டிக்கொண்டு நடந்தார், கோகுல்ராஜ் அம்மா விழுந்துவிடுவாளோ என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னால் போனான். ஜாக்கெட்டில் ஊக்கோடு அந்த ஊரில் அம்மன் பானை தூக்கிய முதல் பெண் அவள்தான்.