பின்னால் போன சீர் லாரி

லாரிக்குக் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றுவது மல்லாந்து படுத்துக்கொண்டே செய்யக்கூடிய ஒரு மரியாதையான தொழில். கண்ணில் மண், வாயில் ஆயில், நெஞ்சுக்கு நேரே ஓர் ஆள் கனத்துக்கு இரும்பு. இந்தச் சுகத்தை அனுபவித்த சகோதரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கட்டிலுக்கு அடியில் படுத்து அம்மிக்கல்லைத் தூக்கிப் பார்க்கலாம்.

அறுபதுகளில் காரைக்குடிப் பக்கம் தொழில் செய்த எனக்கு ஷெட் கிடையாது. லாரி எங்கே படுக்கிறதோ அங்கேதான் பட்டறை. கோட்டையூரில் ஒரு கல்யாண வீட்டில் காதர் பாயின் லாரி படுத்தபோது நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உலக்கை

பாய் சொந்த லாரியைத் தானே ஓட்டுகிறவர். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அது அதே ஊரில் மூன்று தெரு தள்ளி. முதல் நாளே வந்து வாசலை அடைத்து நிறுத்தினார். நிறுத்தியதோடு சரி, அப்புறம் ஒரு கியரும் விழவில்லை. முகூர்த்தக் காலம், ஊரில் வேறு லாரி இல்லை. ராகுகாலத்துக்கு முன் சீர் கிளம்பாவிட்டால், பெண்ணின் அம்மா சிகப்பி ஆச்சி சம்பந்தி வீட்டில் ஆயுளுக்கும் பேச்சு வாங்க வேண்டியதுதான்.

கேபின் தரையைக் கழற்றி, குறுக்கே அந்த வீட்டு உலக்கையைப் போட்டு, கியர் பெட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். பாதியில் கயிறு வழுக்கியது. மீதியை என் நெஞ்சு தாங்கியது. நான் அலறிய அலறலில் ஆச்சி ஓடி வந்து குனிந்து பார்த்தார். "மேஸ்திரி, உலக்கைக்கு ஒண்ணும் ஆகலையே? எங்க ஆத்தா வீட்ல குடுத்ததுப்பா அது!"

பரப்பிய சாமான்

தெருவெல்லாம் புழுதி. பல்சக்கரத்துக்குள் ஒரு சிட்டிகை மண் போனாலும் தொலைந்தது. வீட்டுக்குள் வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்றேன். உள்ளே போனால் முற்றத்தைச் சுற்றிலும் சாமான் பரப்பியிருந்தார்கள். செட்டிநாட்டில் பெண்ணுக்குக் கொடுப்பதை மூடி வைக்கமாட்டார்கள். பித்தளை, எவர்சில்வர், பீங்கான் என்று எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி வைத்து, உறவு முழுக்க வந்து பார்த்துக் குறை சொல்ல வசதி செய்து கொடுப்பார்கள்.

ஒரு மூலையில் சாக்கை விரித்து நானும் என் சாமானைப் பரப்பினேன். உள்ளே கியரைத் தள்ளுகிற கவை ஒடிந்திருந்தது. பாய் காரைக்குடிக்குப் போய் ஒரு பழைய கவையைத் தேடிக்கொண்டு வந்தார். போட்ட கியர் நழுவாமல் பிடித்து நிறுத்தும் இரும்புக் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் பொடிப் பொருட்கள். உருண்டு ஓடிவிடக் கூடாதே என்று பக்கத்தில் இருந்த ஒரு குட்டிச் செம்பில் போட்டு வைத்தேன்.

வலையபட்டியிலிருந்து வந்த வயதான ஆச்சி ஒருவர் ஒவ்வொரு வரிசையாக நோட்டம் விட்டுக்கொண்டே வந்து என் சாக்குக்கு முன்னால் நின்றார். மண்ணெண்ணெயில் கழுவிய பல்சக்கரங்கள் பளபளவென்று இருந்தன. ஒன்றைத் தட்டிப் பார்த்தார். "சிகப்பி, முறுக்கு அச்செல்லாம் நல்ல கனமாத்தான் குடுத்திருக்கே. ஒண்ணுக்குக்கூடக் கைப்பிடி வைக்கலையேடி!"

மலாயாப் பெருமை

பெண்ணின் அப்பா மலாயாவில் கடை வைத்திருந்தவர். நாங்கள் வேலை செய்வதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "அங்குட்டெல்லாம் இப்பக் கிளட்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. கியரு தானா மாறிக்கிருது. நீங்க இன்னும் இதக் கட்டிக்கிட்டு அழுகிறீக" என்றார். முழங்கை வரை ஆயிலோடு இருந்த பாய் நிமிர்ந்து பார்த்தார். "அது ரிப்பேரானா அதுவே மல்லாக்கப் படுத்து அதுவே கழட்டிக்கிருமா, செட்டியாரே?"

செம்பு

காலையில் பெட்டியைப் பூட்ட உட்கார்ந்தால் குட்டிச் செம்பைக் காணோம். செம்பு மட்டுமா, முற்றமே காலி. சின்ன உருப்படிகளை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, துணியில் மூட்டை கட்டி, லாரியில் ஏற்றிவிட்டார்கள். அதற்கு மேல் அண்டாக்கள் வேறு. மூட்டைகளை இறக்கி அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஆச்சி அசைந்து கொடுக்கவில்லை. "ஏத்துன சீர எறக்குனா பொண்ணுக்கு ஆகாது. ஒரு குண்டு இல்லாம ஓட்ட முடியாதா? என்ன மேஸ்திரி வேல பாக்குறீக!"

ஊர்வலம்

குண்டு இல்லாமலே பூட்டினேன். முன்னால் போகும் கியர் எதைப் போட்டாலும் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. கியர் கம்பியைக் கையால் அழுத்திப் பிடித்தாலும் உதறித் தள்ளியது. நான் பிரிக்காமல் விட்ட ரிவர்ஸ் மட்டும் கெட்டியாக நின்றது. ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை என்னை ஏசிக்கொண்டிருந்த ஆச்சி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. பாய்க்கும்தான். "மேஸ்திரி, பின்னால போயிக் கை காட்டு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

மூன்று தெருவும் ரிவர்ஸிலேயே போனோம். பாய் கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்ட, நான் "வரட்டும், வரட்டும், ஒடிச்சு வாங்க" என்று கத்திக்கொண்டே நடந்தேன். மேளக்காரர்கள் இந்த லாரிக்கு எது முன்பக்கம் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். சம்பந்தி ஆச்சி வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார். லாரி நேராகப் போய் அவர் மூக்குக்கு எதிரே அண்டாக்களைக் கொண்டுபோய் நிறுத்தியது. காரில் வந்து இறங்கிய சிகப்பி ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சம்பந்தி ஆச்சி அண்டாக்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாய் நிறையச் சிரித்தார். "மத்தவுக சீரெல்லாம் மொதல்ல லாரி மூஞ்சியத்தான் காட்டும். நீங்கதான் சாமானக் காட்டிக்கிட்டே கொண்டாந்திருக்கீக. மொற தெரிஞ்சவுக!"

அன்று சாயங்காலம் மூட்டையை அவிழ்த்ததும் செம்பு கிடைத்தது, வண்டியையும் முன்னால் போக வைத்தேன். அடுத்த முகூர்த்தத்துக்கு வேறொரு செட்டியார் பாயைத் தேடிக்கொண்டு வந்தார். "ஒங்க லாரி பின்னாலயே போகுமாமே பாய்? எங்க வீட்டுச் சீரும் அப்படித்தான் போகணும், ஆமா!"

நான் ஒழுங்காகப் பூட்டிக் கொடுத்த கியர்பாக்ஸ்களைப் பாராட்டி இன்றுவரை ஓர் ஆள் என்னைத் தேடி வந்ததில்லை.