உடுமலையில் தீர்ந்த கேலன் வழக்கு

எழுபதுகளின் நடுவில் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய அம்பாசடர் வந்து சேர்ந்தது. பார்த்து வாங்கிக் கொடுத்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். காரைக் குறை சொன்னால் அவருக்குத் தன்னையே சொன்ன மாதிரி இருக்கும்.

"கேலனுக்கு முப்பது மைலு குடுக்குமுங்க மாப்ள" என்பார்.

அப்பா லிட்டர் கட்சி. "லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டரத் தாண்டறதில்லீங்க மச்சான். பெட்ரோலக் குடிக்குது."

காரின் மீட்டர் மைலில் ஓடியது. பங்கில் லிட்டரில் ஊற்றினார்கள். ஆக இருவருக்கும் சாட்சி இருந்தது. பத்தைவிட முப்பது பெரிது என்பதால் நான் மாமா பக்கம்.

கார் என்றாலே வாந்தி வரும் என்று ஒதுங்கும் அம்மா, இந்த வழக்கில் மட்டும் திடீரென்று அக்கறை காட்டினாள். "மலை ஏறினாத்தானுங்க வண்டி லட்சணம் தெரியும். கம்பம்மெட்டு வரைக்கும் ஓட்டிப் பாருங்களே" என்றாள். அப்பா மறுக்கவும் இல்லை, சரி என்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

கம்பம்மெட்டில் ஏலத்தோட்டக்காரர் வீட்டில்தான் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது. கல்யாணத்திலேயே சம்பந்திகளோடு அப்பாவுக்கு மனத்தாங்கல். அவர்களாகக் கூப்பிடாமல் அந்த வாசலை மிதிப்பதில்லை என்றிருந்தார். அவர்கள் கூப்பிடவும் இல்லை, அக்காவை அனுப்பவும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு ஜடை பின்னிவிட ஆளில்லை என்பதுதான் அப்போது என் ஏக்கம். வண்டியைச் சோதிக்க வந்தோம் என்று போய் நின்றால் யார் கௌரவமும் குறையாது என்று அம்மா போட்ட கணக்கு எனக்கு எட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் டாங்கை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். அம்மா, அக்கா கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டியிருந்தாள். பொள்ளாச்சி தாண்டியும் அவளுக்கு வாந்தி வரவில்லை.

உடுமலையில் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. பங்கில் நிறுத்தி மறுபடி விளிம்பு வரை ஊற்றச் சொன்னார். மைலைக் கிலோமீட்டராக்கி அப்பாவும், லிட்டரைக் கேலனாக்கி மாமாவும், இருவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு, பத்துக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டும் ஒன்றேதான்! இதற்கா இத்தனை நாள் முட்டிக்கொண்டோம் என்று தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். மாமா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வழக்குத் தீர்ந்த பிறகு மலை எதற்கு? அப்பா வண்டியைத் திருப்பினார்.

பின் சீட்டிலிருந்து அம்மா கேட்டாள். "ஏனுங்க, இங்கிருந்து கம்பம்மெட்டுப் போக எத்தன லிட்டருங்க வேணும்?"

"கணக்கத் தலைகீழாக் கேக்கற. லிட்டருக்கு எத்தன தூரம்னுதான் பாக்கோணும்" என்றார் அப்பா.

நூறு கிலோமீட்டர் போக எத்தனை லிட்டர் என்று அளக்கிற தேசங்களும் உண்டு என்று பிற்பாடு படித்தேன். போயே ஆக வேண்டியவர்கள் அப்படித்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. அன்று, அம்மாவுக்குக் கணக்கு வராது என்று நினைத்துக்கொண்டு அவள் மடியில் சாய்ந்தேன். என் தலையைக் கோதிக்கொண்டே அவள் அக்காவின் பேரைச் சொன்னாள்.

"அக்கா இல்லீங்கம்மா, நானு" என்று திருத்திவிட்டுத் தூங்கிப்போனேன்.